குறை முதலில்

எண்ணெயில் இட்ட மாவுத் துண்டுகள் உப்பி மேலெழுந்த வேளையில் ஜிபாரின் மேலங்கிப் பையிலிருந்த தொலைபேசி அதிர்ந்தது. அது அவளுடையதன்று, மாமனாருடையது. அஞ்சல்தலை வாங்குவோரின் செய்திகள் யாவும் அதில்தான் வரும். அவர் மருத்துவமனையில் கிடந்த நாள்களில் அதை அவள் கணவன் குபாத் வைத்திருந்தான். இன்று காலை, இறந்தவரின் மகன் கட்ட வேண்டிய இடுப்புப் பட்டையை மேற்சட்டையின் மீது கட்டிக்கொண்டு வாசலுக்குப் போகுமுன், "ஓயாம அடிக்குது, நீயே பாரு" என்று மனைவியின் கையில் கொடுத்துவிட்டுச் சென்றிருந்தான்.

ஜிபார் சல்லடைக் கரண்டியால் போர்சோக்குகளை அள்ளித் துணிமேல் கொட்டினாள். இறந்தவருக்கு எண்ணெய் மணம் போய்ச் சேர வேண்டும் என்பதால் அடுப்பை அணைய விடாதே என்று குபாத்தின் அத்தை கட்டளையிட்டிருந்தாள். விரல்களை உடையில் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்துப் பார்த்தாள்.

"எல்லையைத் தாண்டிவிட்டேன். நண்பகல் தொழுகைக்குப் பிறகுதானே அடக்கம்? நான் தாமதமானாலும் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். ஹெகாய், அல்மாட்டி."

ஹெகாய் என்னும் பெயரை அவள் நன்கு அறிவாள். மாமனாரின் இணையக் கடைக்கு மிகப் பழைய வாடிக்கையாளர் அவர். முகத்தை மட்டும் யாரும் பார்த்ததில்லை. கடைப் பக்கத்தில் போட்ட இறப்புச் செய்தியை அவர் படித்திருக்க வேண்டும். ஒரு மனிதர் அஞ்சல்தலை வாங்கிய நன்றிக்காக நாடு கடந்து பிஷ்கெக்குக்கு வருகிறார் என்பதை நினைத்தபோது அவளுடைய நெஞ்சு நிறைந்தது. பதில் எழுதுவதற்காகத் திரையை மேலே தள்ளினாள். அவருடைய செய்திக்கு மேலே அவர் கடைசியாக வாங்கிய பொருளின் படம் இருந்தது.

இப்போது இல்லாத பழைய துவா நாட்டின் முக்கோண அஞ்சல்தலை. அதன் கீழே இப்படி எழுதியிருந்தது: "குறையற்றது. அற்புதமான நிலை. மூலப் பசை. இப்படியொன்று இனிக் கிடைக்காது."

ஜிபார் அதை இரண்டாம் முறை படித்தாள். வாணலியில் எஞ்சிய துண்டுகள் கருகத் தொடங்கின.

அவளுடைய மாமனார் முகாஷ் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வடக்குச் சன்னலோரம் மேசையைப் போட்டுக்கொண்டு, இணையத்தில் அஞ்சல்தலை விற்றார். கை நடுங்கத் தொடங்கிய பிறகு அவர் சொல்வார், ஜிபார் எழுதுவாள். படம் எடுப்பதும் அவளே. அவருடைய முறை தலைகீழானது. மற்ற விற்பனையாளர்கள் முன்பக்கத்தைப் பளிச்சென்று காட்டுவார்கள். அவரோ முதலில் பின்பக்கத்தைப் படமெடுக்கச் சொல்வார். "முன்பக்கத்தை அவங்களே பாத்துக்குவாங்கம்மா. பின்பக்கத்தை நாமதான் காட்டணும்" என்பார். எழுதும்போதும் முதல் வரியில் குறை வர வேண்டும். மேல் விளிம்பில் ஒரு பல் குட்டை. பழைய ஒட்டுத்தாளின் தடம். முத்திரை மை கலங்கியுள்ளது. இவை எல்லாம் முடிந்த பிறகே நாடு, ஆண்டு, வண்ணம் என்று நிறைகளுக்கு வருவார். அந்த நிறைகளையும் சிக்கனமாகவே சொல்வார்.

அந்த முக்கோணத்தை அவள் மறக்கக்கூடியவள் அல்லள். கோடைக்காலத்தில் அவர் அதைக் கறுப்புத் தட்டில் குப்புற வைத்து, பென்சின் திரவத்தைத் துளித்துளியாக விட்டு அவளை அழைத்துக் காட்டினார். பார்வைக்கு மாசற்றிருந்த தாளின் ஒரு மூலையில், நனைந்த மறுகணமே கறுப்பாக ஒரு திட்டு எழுந்தது. யாரோ அந்த இடத்தில் தாளைக் கிழித்து, பின்னர் கூழால் நிரப்பி, மேலே புதுப் பசை தடவியிருந்தார்கள். "நல்ல வேலைக்காரன்தான்" என்று முகாஷ் வியந்தார். "ஆனா ஒட்டு ஒட்டுதான். உடம்பு தேறி வந்ததும் நிதானமா எழுதலாம். அவசரமில்ல."

அவர் தேறி வரவில்லை. நேற்று முன்தினம் மாலை மருத்துவமனையில் ஜிபார் அவருடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, மூச்சு நின்றது அவளுக்கே உடனே தெரியாத அளவு அமைதியாகப் போய்விட்டார்.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு முற்றத்துக்கு வந்தாள். முற்றத்தின் நடுவே கம்பளிக் கூடாரம் எழுப்பப்பட்டிருந்தது. அதற்குள் வலப்புறம், திரைக்குப் பின்னால் முகாஷ் கிடத்தப்பட்டிருந்தார். பெண்கள் சுவரைப் பார்த்து அமர்ந்திருக்க, அவருடைய தங்கை தோகோன் ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தாள். மலை சாய்ந்தது, பருந்து வீழ்ந்தது, போர்க்குதிரை தலைவனை இழந்தது என்று அவளுடைய குரல் உயர்ந்தது. முகாஷ் வாழ்நாளில் குதிரை ஏறியவரல்லர். ஒரு முறை ஏற்றிவிட்டபோது, இறக்கிவிடுங்கள் என்று கெஞ்சியதாக அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். அவர் காதில் இந்தப் பாட்டு விழுந்தால் பாதியை அடித்துவிடச் சொல்வார் என்று ஜிபாருக்குத் தோன்றியது.

கூடாரத்துக்குப் பின்னால், வெந்நீர் காய்ச்சும் பெரிய சமோவாருக்கு விறகு திணித்துக்கொண்டிருந்தான் குபாத். துக்கத்துக்கு வருவோரை எதிர்கொண்டு அழுவதற்கான கைத்தடி அருகில் சாய்ந்திருந்தது.

அவள் திரையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இதை எழுதினது யாரு?"

அவன் பார்த்தான். பிறகு மறுபடியும் விறகைத் திணித்தான். "இன்னைக்குத்தான் இதுக்கு நேரம் கெடச்சுதா உனக்கு?"

"மாமா பென்சின்ல போட்டுக் காட்டினாரே. அப்ப நீங்களும் இருந்தீங்க."

"இருந்தேன்."

"அப்புறம் குறையே இல்லன்னு எப்படி எழுதினீங்க?"

"கார்ச் சந்தையில நாங்க எல்லாரும் அப்படித்தான் எழுதறோம். ஜெர்மனி வண்டி, ஒரே ஆள் ஓட்டினது, அதுவும் டாக்டர்." சிரிக்க முயன்றான், முடியவில்லை. புகை கண்ணில் பட்டதுபோல் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "அது விக்காதுன்னு அவரே சொல்லிட்டிருந்தாரு. வித்துக் காட்டினா சந்தோசப்படுவாருன்னு நெனச்சேன். ரெண்டே நாள்ல போயிடுச்சு ஜிபார். சொல்லலாம்னு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். அவர் கண்ணே தொறக்கல."

தந்தைக்கும் மகனுக்கும் இடையில் நெடுநாளாக நல்ல பேச்சு இருந்ததில்லை. அவன் மருத்துவமனைக்கு ஓடி வந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. படியேறி வந்த மூச்சிரைப்போடு கட்டிலருகே நின்றான். எதுவும் சொல்லாமலே திரும்பிப் போனான். எதற்காக வந்தான் என்று அன்று அவளுக்குப் புரியவில்லை.

"வாங்கினவரு வந்துட்டிருக்காரு" என்றாள். "அந்த அல்மாட்டிக்காரரு. எல்லை தாண்டிட்டாராம்."

குபாத்தின் கையிலிருந்த விறகு தரையில் விழுந்தது.

"அடக்கம் முடியட்டும். நாளைக்கு நானே எழுதி, திரும்ப வாங்கிக்கறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

"தொழுகைக்கு முன்னாடி கேப்பாங்கல்ல, இவரு எப்படிப்பட்டவர்னு? அவரும் நின்னு, நல்லவருன்னு சாட்சி சொல்வாரு. தன்னை ஏமாத்தின கடைன்னு தெரியாமலே சொல்வாரு."

"எல்லாருக்கும்தான் நல்லவருன்னு சொல்றாங்க. போன மாசம் அந்த ஆட்டுத் திருடனுக்கும் சொல்லல? முதல் வரிசையில நின்னு சத்தமா சொன்னதே ஆட்டைப் பறிகொடுத்தவன்தான்."

"அதான் எனக்குப் பயம். மாமாவும் அந்தக் கணக்குல போயிடக் கூடாது."

அவன் கீழே விழுந்த விறகை எடுத்தான். "என்ன பண்ணச் சொல்ற? ஊர் முன்னாடி நின்னு நானே சொல்லணுமா? ஒரு தடவை அவர் சொன்னது போதாதா எனக்கு?"

வாயிற்கதவருகே யாரோ ஓலமிட்டுக்கொண்டு நுழைந்தார்கள். குபாத் கைத்தடியை எடுத்து, அதன்மேல் கவிழ்ந்து, தானும் குரலெடுத்து அழுதபடி முன்னே சென்றான்.

அவன் குறிப்பிட்ட அந்த ஒரு தடவை, இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய நோன்புப் பெருநாள் விருந்து. ஜிபாருக்கு மணமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. சுற்றத்தார் அனைவரும் விரிப்பைச் சுற்றி அமர்ந்திருக்கையில் தோகோன் அத்தை கறியை மென்றுகொண்டே பேச்செடுத்தாள். "தொட்டில் இன்னும் பரண் மேலயே கெடக்கு. பொண்ணை அவங்க வீட்டுக்குக் கொஞ்ச காலம் அனுப்பி வச்சாத்தான் என்ன? நம்ம பையனுக்கு என்ன வயசாயிடுச்சு."

ஜிபார் தேநீர்க் கிண்ணத்தைக் கையில் ஏந்தியவாறே உறைந்து நின்றாள். மருத்துவர் சொன்னது அவளுக்கும் குபாத்துக்கும் முகாஷுக்கும் மட்டுமே தெரியும். கணவனின் மானத்துக்காக அதை வெளியே சொல்வதில்லை என்று அவளே முடிவு செய்திருந்தாள். மலடி என்று முதுகுக்குப் பின்னால் கேட்ட சொற்களை எல்லாம் அந்த முடிவோடு சேர்த்தே சுமந்தாள்.

முகாஷ் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "தோகோன், டாக்டர் பாத்தாச்சு. குறை இந்தப் பொண்ணுகிட்ட இல்ல, நம்ம பையன்கிட்ட. அவன் அதை ஆசைப்பட்டு வாங்கிட்டு வரல, அதனால அவனையும் யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. ஆனா நம்ம வீட்டுக் குறையை அடுத்த வீட்டுப் பொண்ணு தலையில ஒட்டி வைக்க நான் விடமாட்டேன்."

எல்லாரும் தத்தம் தட்டைப் பார்த்தார்கள். குபாத் எழுந்து வெளியே போய்க் காரைக் கிளப்பினான். முதல் பனி விழும்வரை தந்தையோடு அவன் பேசவில்லை. பேசத் தொடங்கிய பிறகும் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

மறுநாள் காலை அவள் மேசையருகே போனபோது, நன்றி சொல்வதற்கான சொற்களைத் தேடி வைத்திருந்தாள். முகாஷ் தலை நிமிரவில்லை. "இதோட பின்பக்கத்தை இன்னும் கொஞ்சம் கிட்டக்க எடும்மா" என்றார். அவள் எடுத்தாள். சொற்கள் அப்படியே நின்றுபோயின. அதற்குப் பிறகு எத்தனையோ காலைகள் அதே மேசையில் கழிந்தும் அவை வெளிவரவில்லை.

ஹெகாய் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. குள்ளமான, தலை நரைத்த கொரிய வம்சத்தவர். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாயிலில் நின்றார். வழக்கப்படி அவர் அழுதுகொண்டு ஓடி வருவார், தாமும் சேர்ந்து அழலாம் என்று வாசலில் நின்ற ஆண்கள் காத்திருந்தனர். அவர் அழவில்லை. மெல்ல நடந்து வந்து, குபாத்தின் இரு தோள்களிலும் கைகளை வைத்து, "நான் ஹெகாய்" என்று மட்டும் சொன்னார்.

அவரை உள்ளறையில் அமர வைத்தார்கள். ஜிபார் ரொட்டியும் சூடான போர்சோக்கும் வைத்து, மரியாதைக்குரிய விருந்தினருக்கு ஊற்றுவதுபோல் கிண்ணத்தில் பாதியளவு தேநீர் ஊற்றினாள். குபாத் எதிரே மண்டியிட்டு அமர்ந்தான்.

"நீதானேம்மா படம் எடுக்கறது?" என்று ஹெகாய் அவளைக் கேட்டார். "அவரு எழுதுவாரு, 'படம் என் மருமக எடுத்தது, அதனால நெழலை நம்பலாம்'னு. நெழலை நம்பலாம்னு வேற யாரு எழுதுவாங்க."

ஜிபார் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அப்படி எழுதியது அவளுக்குத் தெரியாது.

குபாத் தொண்டையைச் செருமினான். "அண்ணே, அந்த முக்கோணம்..."

"தெரியும் தம்பி."

"என்ன தெரியும்?"

"அவரு எழுதினதில்லன்னு தெரியும். 'குறையற்றது'ன்னு ஆரம்பிச்சுது. பதினஞ்சு வருசத்துல அந்த வார்த்தையை அவரு எழுதி நான் பாத்ததில்ல. ஒரு தடவை வம்புக்குக் கேட்டேன், ஏங்க, குறையே இல்லாத ஸ்டாம்ப் ஒண்ணுகூடவா உங்ககிட்ட இல்லன்னு. 'அப்படி ஒண்ணு இருந்தா, நான் இன்னும் ஒழுங்கா பாக்கலன்னு அர்த்தம்'னு பதில் போட்டாரு." ஹெகாய் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்தார். "சரி, மனுசனுக்கு முடியல, வேற யாரோ எழுதறாங்கன்னு புரிஞ்சுது."

"புரிஞ்சும் ஏன் வாங்கினீங்க?"

"வேற எவன் கையிலயாவது போயிருந்தா? பென்சின்ல போட்டுப் பாத்துட்டு மறுநாளே பரப்பியிருப்பான், பிஷ்கெக் கெழவரும் நம்மள மாதிரிதான்னு. அது நடக்க விடலாமா? அவர்கிட்ட வாங்கினது மட்டுந்தான் எது என்னன்னு எனக்கு உறுதியாத் தெரியும். மத்தவன்கிட்ட வாங்கினதை எல்லாம் இன்னைக்கும் சந்தேகத்தோடதான் பாக்கறேன். எங்க வீட்டுக்காரி போன பிறகு ராத்திரி தூக்கம் வராம ஸ்டாம்ப் ஏட்டைத்தான் புரட்டுவேன். அதுல அவர் அனுப்பின பக்கம் வந்தா மனசு அடங்கும். இந்த முக்கோணமும் என் பெட்டியிலயே கெடக்கட்டும். வெளிய வராது."

குபாத் எதையோ சொல்ல வாயெடுத்தான். ஹெகாய் கையமர்த்தினார்.

"அதுக்காக நான் வரல தம்பி. எப்படிப்பட்டவர்னு எங்க ஊர்லயும் கேப்பாங்க. நான் போயி ஒரு குரல் கொடுக்கணும்னு தோணுச்சு. நான் தொழறவன் இல்ல. பின்னாடி நின்னாப் போதுமா?"

"போதும்" என்றான் குபாத். அவனுடைய குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

ஜிபார் கிண்ணத்தை வாங்கி மீண்டும் பாதி ஊற்றினாள். எல்லாம் அடங்கிவிட்டது. அந்தக் குறையை இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. வாங்கியவரே மன்னித்துவிட்டார், இதற்குமேல் அவள் வற்புறுத்த எந்தக் காரணமும் இல்லை. ஆயினும் குபாத் அவள் பக்கம் திரும்பியபோது, அவள் கிண்ணத்தின் விளிம்பைத் துடைப்பதிலேயே கண்ணாயிருந்தாள். அவன் எழுந்து வெளியே போனான்.

நண்பகல் தொழுகை முடிந்ததும் முகாஷைக் கம்பளத்தில் சுற்றிக் கூடாரத்திலிருந்து வெளியே எடுத்தார்கள். பெண்களின் ஓலம் ஒருமுறை பெரிதாக எழுந்து தணிந்தது. ஜனாஸா என்னும் இறுதித் தொழுகை நடக்கும் இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. அது கூடாரத்துக்கு அப்பால், தெருவில். ஜிபார் கம்பளிச் சுவரருகே நகர்ந்து அமர்ந்தாள். தோகோன் அத்தை பருந்தை விட்ட இடத்திலிருந்து தாழ்ந்த குரலில் பாடலானாள்.

"அத்தை, கொஞ்சம் நிறுத்துங்க."

"என்னது? பொணம் வாசல்ல இருக்கறப்ப ஒப்பாரியை நிறுத்துன்னு சொல்ற மருமகளை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"கொஞ்ச நேரம் அத்தை. கேக்கணும்."

அவள் முகத்தில் தோகோன் எதைக் கண்டாளோ, வாயை மூடிக்கொண்டாள்.

வெளியே காலடிகள் அடங்கின. குபாத்தின் குரல் கேட்டது. மகன் சொல்ல வேண்டிய வழக்கமான சொற்கள்: அப்பா யாருக்காவது ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் வந்து கேளுங்கள், இன்றுமுதல் அது என் பொறுப்பு. அதன்பின் அவன் கேட்க வேண்டிய ஒரே கேள்விதான் மிச்சம். அதை அவன் கேட்கவில்லை. கம்பளிக்கு அப்பால் காற்று மட்டும் வீசியது. ஜிபார் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"இன்னொண்ணு இருக்கு" என்றான் குபாத். "அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அவர் பேர்ல ஒரு ஸ்டாம்ப் வித்தேன். ஒட்டுப் போட்ட ஸ்டாம்ப். குறையே இல்லன்னு எழுதினேன். அதுல ஒட்டு இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் அப்படி எழுதினது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டாரு. அந்தக் குறை என்னோடது, அவரோடதில்ல. அதைக் கழிச்சுட்டுச் சொல்லுங்க." சற்று நின்றான். "எங்கப்பா எப்படிப்பட்டவரு?"

தெருவில் இருமல் ஒன்று கேட்டது. பிறகு ஒரு கிழவர் "நல்லவரு" என்றார். அதைத் தொடர்ந்து பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. வழக்கமாக ஒரே மூச்சில் முடிந்துவிடும் அந்த விடை அன்று சிதறி வந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியே யோசித்துச் சொன்னதுபோல் இருந்தது. நில அளவை அலுவலகத்தில் உடன் வேலை பார்த்த ஒருவர், "நேரானவரு" என்றார். எல்லாக் குரல்களும் ஓய்ந்த பிறகு, பின்வரிசையிலிருந்து பழக்கமில்லாத உச்சரிப்பில், ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி, "ரொம்ப நல்லவரு" என்று ஒரு குரல் வந்தது.

தோகோன் அத்தை மூக்கைச் சிந்தினாள். "பாத்தியா, அப்பனுக்குப் பொறந்தது அப்பனை மாதிரியே. எதையும் மூடி வைக்கத் தெரியாது இந்த வீட்டு ஆம்பளைங்களுக்கு." பிறகு சற்றுத் தள்ளி அமர்ந்து, தன் விரிப்பில் பாதியை ஜிபாரின் பக்கம் இழுத்துவிட்டாள். "இப்படி மேல வா. தரை சில்லுன்னு இருக்கு."

ஆண்கள் தொழுகையைத் தொடங்கினார்கள். தோகோன் மீண்டும் பாட ஆரம்பித்தாள். ஜிபார் இம்முறை தானும் அவளோடு சேர்ந்துகொண்டாள். அவளுக்குப் பாட்டு தெரியாது. மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லவும் கூடாது. ஆகவே அவர் தினமும் செய்ததை மட்டும் பாடினாள்: சன்னலைத் திறப்பார், வெளிச்சம் போதுமா என்று கேட்பார், போதாது என்றால் காத்திருப்பார். சுற்றியிருந்த பெண்கள் முதலில் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் அந்த மெட்டில் விம்மத் தொடங்கினார்கள்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியபோது மாலை வெயில் சாய்ந்திருந்தது. வாயிலில் ஜிபார் வெந்நீர்க் கூஜாவுடனும், தோளில் துவாலையுடனும் நின்றாள். ஒவ்வொருவரும் குனிந்து கைகளை நீட்ட, மண் கரையும்வரை நீர் வார்த்தாள். ஹெகாயும் மண் இட்டிருந்தார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "இருட்டறதுக்குள்ள எல்லை தாண்டணும்மா" என்றார். வழியில் உண்பதற்காக எலும்போடு கூடிய நல்ல கறித்துண்டைப் பையில் கட்டிக் கொடுக்கும்படி அத்தை உள்ளேயிருந்து சத்தமிட்டாள். எல்லைக்காவலர் விடுவார்களோ என்று அவர் தயங்கினார். விடாவிட்டால் அவர்களுக்கும் ஒரு துண்டு என்று அத்தை இன்னொன்றையும் சேர்த்துக் கட்டச் செய்தாள்.

கடைசியாகக் குபாத் வந்தான். முழங்கைவரை மண் அப்பியிருந்தது. கைகளைச் சேர்த்து நீட்டினான். ஜிபார் மெல்லிய தாரையாக நீரைச் சாய்த்தாள். களிமண் பழுப்பாகக் கரைந்து, விரலிடுக்குகளில் வழிந்து, பிறகு தெளிந்தது. நகக்கண்களில் கொஞ்சம் எஞ்சியிருந்தது. அவள் அவன் விரல்களைப் பற்றி ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டாள். கூஜா காலியாயிற்று.

அவன் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை.

அவள் இன்னும் சிறிது வெந்நீர் கொண்டுவருவதற்காகச் சமோவாரை நோக்கி நடந்தாள். நீர் சொட்டும் கைகளை நீட்டியபடியே அவன் வாயிலில் நின்றிருந்தான்.